மேற்படி எதிரி

முதன்முதலாக நான் வாசித்த சட்டத் தாள்
அப்பாவைப் பற்றியது.
ஒன்பதாம் வகுப்பு, காலாண்டுப் பரீட்சை நேரம்.
"எழுத்து தெரிஞ்சவ நீதான, படி" என்று
அம்மா நீட்டினாள்.
மேற்படி எதிரி பாவாடை, த/பெ மண்ணாங்கட்டி,
பெண்ணையாற்றில் ஒரு மாட்டுவண்டி அளவு மணலை
அதற்கு மேல் ஓடவில்லை.
எதிரி என்றால் யாருக்கு?
ஆற்றுக்கா?
அந்தச் சொல்லை மட்டும் தாண்டி வாசித்தேன்.
இன்றுவரை அம்மாவுக்குத் தெரியாது.

ஆறாம் நாளே ஜாமீன் கொடுத்துவிட்டார்கள்.
அப்பா வந்தது நாற்பத்தேழாம் நாள்.
இடையில் நாங்கள் தேடியது இரண்டு பேரை.
சொந்தப் பேரில் வீடும்
அந்த வீட்டுக்கு வரி கட்டிய ரசீதும்
உள்ள இரண்டே பேரை.
எங்கள் காலனியில் எல்லார் வீட்டிலும் அடுப்பு எரிந்தது,
எல்லா அடுப்பும் புறம்போக்கில் எரிந்தது.
ஊருக்குள் போய் நின்ற அம்மாவிடம்
"நடவுக்கு ஆள் வேணும்னா சொல்லியனுப்புறோம்" என்றார்கள்.
மஞ்சக்குப்பம் கோர்ட் எதிரில் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர்தான்
குரலைத் தாழ்த்திச் சொன்னார்,
ரசீது வாடகைக்குக் கிடைக்கும், ஆளோடு.

அம்மாவின் காதில் அன்றிலிருந்து வேப்பங்குச்சி.

கேப்பர் மலை ஜெயிலிலிருந்து வந்தவர்
முதலில் கேட்டது மாடுகளைத்தான்.

பிறகு காலாப்பட்டு.
விடியலில் கடலூர் பஸ், முள்ளோடையில் மாநிலம் மாறும்,
கன்னிக்கோயிலில் இறங்குகிறவர்களின் முகம் மாறும்,
நான் ஜன்னலோரம் அரசியல் சாசனம் மனப்பாடம் செய்வேன்.
ஸ்காலர்ஷிப் வராத மாதங்களில் நின்றுகொண்டு.
வருகைப் பதிவில் அப்பா பேரைச் சத்தமாகப் படித்த அலுவலர்
சிரிப்பை அடக்கினார், நன்றாகவே அடக்கினார்.
ஒரு கருத்தரங்கில் ஒருவர் அழகான ஆங்கிலத்தில் சொன்னார்,
ஏழைகள் வெளியே வராததற்குக் காரணம்
விழிப்புணர்வு இல்லாமை என்று.
எழுந்து கேட்டேன்:
வீட்டு வரி ரசீது என்ன நிறம், சார்?

என் ஆய்வு அந்த இடைவெளிதான்.
உத்தரவுக்கும் கதவுக்கும் நடுவே எத்தனை நாள்.
ஆவண அறையில் கைக்குட்டை கட்டிக்கொண்டு
அறுநூற்றுப் பன்னிரண்டு கட்டுகளைப் பிரித்தேன்.
கரையான் சிலவற்றை எனக்கு முன்பே படித்திருந்தது.
முந்நூற்றுப் பதினெட்டாவது கட்டில்
மேற்படி எதிரி பாவாடை.
கைநாட்டின் மை இன்னும் நீலமாக.
அன்று பஸ்ஸை விட்டுவிட்டேன்.

நெறியாளர் சொன்னார், சொந்த வழக்கு,
மாதிரியில் இருக்கக் கூடாது.
சரியாகத்தான் சொன்னார்.
நீக்கினேன்.
சராசரி பூஜ்யம் புள்ளி பூஜ்யம் மூன்று நாள் குறைந்தது.
பெருக்கிப் பார்த்தேன்,
நாற்பத்து மூன்று நிமிஷம்.
நாற்பத்தொரு நாள், அவ்வளவுதான் அசைத்தது.

அட்டையில் என் பெயருக்கு முன்னால் இருக்கும் "பா."வை
யாரும் நீக்கச் சொல்லவில்லை.

இப்போது அப்பாவுக்குத் தொகுப்பு வீடு.
ரசீது ரேஷன் கார்டோடு பிளாஸ்டிக் உறைக்குள்.
அதை எடுத்துக்கொண்டு நான்கு முறை
மஞ்சக்குப்பம் போய் வந்துவிட்டார்.
வாடகை வாங்குவதில்லை, டீ மட்டும்.
நேற்று ஐந்தாவது முறை கிளம்பியபோது நான்தான் தடுத்தேன்.
"வாய்தாவுக்கு அவன் வராமப் போனா
உங்ககிட்டதான் பணம் கேப்பாங்கப்பா.
கட்டலைன்னா ஜப்தி வரைக்கும் போகும்."
பிரிவு எண்ணும் சொன்னேன்.
சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே கேட்டார்.
"வண்டிகூட இல்ல பாப்பா அவன்கிட்ட.
சாக்குல அள்ளியிருக்கான்."

ரசீது மடிப்பில் கிழிந்திருந்தது.
செலோடேப் எடுத்து
பின்பக்கமாக ஒட்டிக் கொடுத்தேன்,
முத்திரை மறையாமல்.